எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும்? பம்ப் தொழிற்சாலை ஒன்றுக்கு சர்வர் வாங்கிய அனுபவம்

கோவையில் மோட்டார் பம்புகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. கணக்கு, ஸ்டோர்ஸ், பில்லிங் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈஆர்பி மென்பொருள், அதன் டேட்டாபேஸ், டிராயிங் பிரிவின் வரைபடக் கோப்புகள், வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், தரச்சான்று ஆவணங்கள் என்று எங்கள் உள் நெட்வொர்க்கான இன்ட்ராநெட்டில் உள்ள அனைத்தும் பல ஆண்டுகளாக ஒரே டவர் சர்வரின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. வாரண்டி முடிந்து உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்காத நிலை வந்ததால், 2024-இல் அதை மாற்ற முடிவு செய்தோம். அந்தக் கொள்முதலில் எதைப் பார்த்தோம், எதற்குப் பணம் கொடுத்தோம், எதற்குக் கொடுக்க மறுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஏறத்தாழ நூறு, இருநூறு பேர் கணினியில் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும்.

விற்பனையாளர்களை அழைத்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை யூசர் சார்?” என்பதுதான். அந்த எண்ணை ஒரு அட்டவணையில் பொருத்தி, இரண்டு பிராசசர், முப்பத்திரண்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), கூடவே ஒரு பெரிய ஸ்டோரேஜ் என்று ஒரு கொட்டேஷனை அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. ஆனால் நூறு பேர் விடுப்பு விண்ணப்பத்தைத் திறப்பதும், நூறு பேர் ஒரே நேரத்தில் பம்பின் எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் காட்டும் முழு அசெம்பிளி டிராயிங்கைத் திறப்பதும் வேறு வேறு சுமைகள். ஆகவே கொட்டேஷனை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய சர்வரையே அளந்து பார்த்தோம். விண்டோஸிலேயே இருக்கும் பர்பாமன்ஸ் மானிட்டரைக் கொண்டு, சிபியூ, மெமரி, டிஸ்க் தாமதம், நெட்வொர்க் ஆகிய நான்கையும் மாதக் கடைசியும் மாதத் தொடக்கமும் உள்ளடங்கும்படி தொடர்ந்து பதிவு செய்தோம். கணக்குப் பிரிவும் ஸ்டோர்ஸும் முட்டி மோதும் நாட்கள் அவைதான் என்பதால், இடைப்பட்ட சாதாரண வாரத்தை அளப்பதில் பயனில்லை.

அளவீடு சொன்னது எங்கள் ஊகத்துக்கு நேர் எதிராக இருந்தது. சிபியூ பெரும்பாலான நேரம் சும்மா இருந்தது. மாதக் கடைசியில் மூலப்பொருள் தேவையைக் கணக்கிடும் எம்ஆர்பி ஓட்டத்தின்போது மட்டும் ஒரே ஒரு கோர் முழு வேகத்தில் ஓட, மற்றவை வேடிக்கை பார்த்தன. அந்த மென்பொருள் அந்தக் கணக்கை வரிசையாகவே செய்கிறது. எனவே முப்பத்திரண்டு கோர் கொடுத்தாலும் அது ஒன்றைத்தான் பயன்படுத்தும். எங்களுக்குத் தேவைப்பட்டது கோர்களின் எண்ணிக்கை குறைவாகவும் ஒவ்வொரு கோரின் வேகம் அதிகமாகவும் உள்ள பிராசசர். உண்மையான நெருக்கடி டிஸ்க்கில் இருந்தது. சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய டிஸ்க்குகள் நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் சொல்லப் பல பத்து மில்லிசெகண்டுகள் எடுத்துக்கொண்டன. “சர்வர் ஸ்லோ” என்று தினமும் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றின் பின்னணி இதுதான்.

அடுத்ததாக, துறைத்தலைவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொண்டுபோனோம்: இந்த சர்வர் நின்றுவிட்டால் உங்கள் வேலை எத்தனை மணி நேரம் தாங்கும்? மனிதவளப் பிரிவு இரண்டு நாள் என்றது. டிராயிங் பிரிவு அரை நாள் என்றது, ஏனென்றால் அன்றைய வேலைக்கான கோப்புகளை அவர்கள் தங்கள் கணினியிலேயே வைத்திருப்பார்கள். டெஸ்பாட்ச் பொறுப்பாளரின் பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. “லாரி உள்ள வந்து நின்னுட்டா ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவர் நிக்க மாட்டாருங்க. பில்லு இல்லாம கேட்டைத் தாண்டவும் முடியாதுங்க” என்றார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். இரண்டுமே எங்கள் ஈஆர்பியிலிருந்துதான் உருவாகின்றன. ஆக, சர்வர் என்ன காரணத்தால் நின்றாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பில்லிங் மீண்டும் ஓடவேண்டும் என்பது எங்கள் வரையறை ஆயிற்று.

இந்த ஒரு வரையறையை வைத்துப் பார்த்தபோது, கொட்டேஷனில் வந்த பெரிய சர்வர் எங்களுக்குப் பொருந்தவில்லை. அதில் இரட்டை மின்வழங்கி உண்டு, ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு உண்டு. ஆனால் மதர்போர்டு ஒன்றுதான். அது பழுதானால் உதிரிபாகம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். “அடுத்த வேலைநாள்” என்று வாரண்டியில் எழுதியிருப்பது ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை விடுமுறைகளையும் கணக்கில் கொள்ளாது. மாலையில் பதிவு செய்த புகாருக்கு எண்ணிக்கை மறுநாளிலிருந்து தொடங்குவதும் உண்டு. “நான்கு மணி நேரம்” என்று கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் ஒப்பந்தத்திலும், அது பொறியாளர் வந்து சேரும் நேரமா, பழுது நீங்கும் நேரமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அது முன்னதுதான். அந்த மாடலின் மதர்போர்டு கோவையிலேயே இருப்பில் உள்ளதா, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. விற்பனைப் பிரதிநிதிக்கு இது தெரியாமல் இருக்கலாம். சர்வீஸ் பொறியாளருக்குத் தெரியும்.

எனவே ஒரு பெரிய சர்வருக்குப் பதிலாக ஒரே மாதிரியான இரண்டு சிறிய சர்வர்கள் என்ற முடிவுக்கு வந்தோம். ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் ஏற்கவேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பல இடங்களில் இரண்டு சர்வர் வாங்கி, வேலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, இரண்டின் மெமரியையும் நிரப்பிவிடுகிறார்கள். ஒன்று பழுதாகும் நாளில் மற்றதில் இடம் இருக்காது. எங்கள் மொத்த மெமரித் தேவை, வளர்ச்சியையும் சேர்த்து, 128 ஜிபிக்குள் அடங்கியதால் ஒவ்வொன்றிலும் 128 ஜிபி போட்டோம். நாங்கள் எடுத்த பிராசசர் வரிசையான இன்டெல் ஜியான் ஈ-யில் எட்டு கோருக்கு மேல் கிடையாது. மெமரியின் உச்சவரம்பும் 128 ஜிபிதான். அதாவது வாங்கும்போதே கூரையைத் தொட்டுவிட்டோம். இதற்கு அடுத்த வகுப்புக்குப் போனால் மெமரி வரம்பு பல மடங்கு உயரும், ஆனால் எங்கள் பட்ஜெட்டில் கிடைத்த மாடல்களில் ஒரு கோரின் வேகம் குறைந்தது. மாதக் கடைசி ஓட்டத்தை மனத்தில் வைத்து வேகத்தையே தேர்ந்தெடுத்தோம். மெமரித் தேவை வேகமாக வளரும் நிறுவனம் இதையே மாற்றித் தீர்மானிப்பதுதான் சரியாக இருக்கும்.

கோர் எண்ணிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உரிமக் கட்டணம். விண்டோஸ் சர்வர் என்ற இயங்குதளத்தை 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்கியே ஆகவேண்டும். எட்டு கோர் சர்வர் இரண்டுக்கு நாங்கள் வாங்கவேண்டியது மொத்தம் 32. கொட்டேஷனில் வந்த முப்பத்திரண்டு கோர் சர்வருக்கும் அதே 32. ஆனால் ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு சர்வருக்கு இரண்டு விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடுவது) என்பது கணக்கு; ஆகவே அதே பணத்துக்கு அங்கே இரண்டு கிடைக்கும் இடத்தில் இங்கே சர்வருக்கு இரண்டாக மொத்தம் நான்குக்கு உரிமை கிடைத்தது. டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வருக்கும் கோர் கணக்குதான், குறைந்தபட்சம் நான்கு. டேட்டாபேஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு எட்டு கோர் கொடுத்தால் கட்டணம் இரட்டிப்பாகும். வன்பொருள் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டவர்கள் இந்தச் செலவைப் பிறகுதான் பார்க்கிறார்கள்; வன்பொருளைவிட உரிமம் அதிகமாகிவிடும் கொள்முதல்கள் அரிதல்ல.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட எதைப் பயன்படுத்துவது என்பது அந்த ஆண்டு எல்லா அலுவலகங்களிலும் பேசப்பட்ட விஷயம். இந்த வேலைக்கான மென்பொருளைத் தரும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பின், ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்கள் நின்று, சந்தா மட்டுமே என்றாயிற்று. எங்கள் அளவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு சர்வரின் விர்ச்சுவல் மெஷினை மற்றதுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பிரதியெடுக்கும் வசதி உண்டு. இயல்பான இடைவெளி 15 நிமிடம், அதைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டே சர்வர்கள் இருக்கும்போது யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தீர்மானிக்க மூன்றாவதாக ஒரு வாக்கு வேண்டும் என்பதால், ஒரு சிறிய பழைய கணினியை அதற்கென்று ஒதுக்கினோம். இந்த முடிவுக்கு முன், ஈஆர்பி நிறுவனத்திடம் “இந்த ஏற்பாட்டில் ஓடினால் உங்கள் ஆதரவு தொடருமா?” என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்தோம். பிற்காலத்தில் ஒரு பிழை வரும்போது பழி வன்பொருள் மீது திரும்பாமல் இருக்க அந்த ஒரு மின்னஞ்சல் போதும்.

மெமரியில் பிழையைத் திருத்தும் ஈசிசி வசதி இல்லாததை சர்வர் என்ற பெயரில் வாங்கக்கூடாது. அசெம்பிள் செய்து தருவதாகச் சொன்ன ஒரு கடைக்காரர், டிடிஆர்5 மெமரி எல்லாவற்றிலுமே ஈசிசி இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது, பிழை நேர்ந்ததை நமக்குத் தெரிவிக்கவும் செய்யாது. முழுமையான ஈசிசி ஒரு பிட் பிழையைத் திருத்தி, இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்து, லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். கெட்டுப்போகத் தொடங்கிய மெமரியை முன்கூட்டியே மாற்ற அந்த லாக்தான் உதவுகிறது. மெமரி வாங்கும்போது ஆர்டிம், யூடிம் என்ற இரண்டு வகைகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை என்பதையும் கவனிக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வகை பார்க்காமல் வாங்கினால் அது பொருந்தாது.

டிஸ்க்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டேட்டாபேஸுக்கும் விர்ச்சுவல் மெஷின்களுக்கும் சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி என்பதில் இன்று இரண்டாம் கருத்தில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் மடிக்கணினி எஸ்எஸ்டிக்கும் சர்வருக்கான எஸ்எஸ்டிக்கும் விலை வேறுபாடு ஏன் என்று எங்கள் எம்.டி. கேட்டார். காரணங்கள் இரண்டு. ஒன்று, மின்சாரம் திடீரென்று போகும்போது கையில் இருக்கும் தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்னூட்டம் வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் சர்வர் வகையில் இருக்கும். டேட்டாபேஸ் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் “எழுதிவிட்டாயா?” என்று டிஸ்க்கிடம் உறுதி கேட்கும், கெப்பாசிட்டர் இருக்கும் எஸ்எஸ்டி உடனே ஆம் என்று சொல்ல முடியும், இல்லாதது உண்மையாகவே எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும். விளம்பர வேகத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஈஆர்பியில் வேறுபாடு பளிச்சென்று தெரிவது இதனால்தான். இரண்டு, எழுதித் தேயும் ஆயுள். 960 ஜிபி எஸ்எஸ்டியை ஒரு நாளைக்கு ஒருமுறை முழுதாக எழுதலாம், ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்றால் மொத்தம் 1,752 டிபி எழுதலாம் என்று பொருள். நம் தினசரி எழுத்து எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தால் இந்த எண்ணோடு ஒப்பிடலாம். எங்கள் தேவை அதில் சிறுபகுதிதான் என்பதால், நாளொன்றுக்கு மூன்று முறை எழுதத்தக்க விலையுயர்ந்த வகையை வேண்டாம் என்றோம்.

வரைபடக் கோப்புகளுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு போதுமானதாக இருந்தது. இங்கே விற்பனையாளர் ரெய்டு 5 என்று எழுதியிருந்தார். மூன்று டிஸ்க்கின் கொள்ளளவு கிடைக்கும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஒரு டிஸ்க் போய்விட்டால் மீதி மூன்றையும் முழுதாக, அதாவது 12 டிபியைப் படித்துத்தான் புதிய டிஸ்க்கை நிரப்ப முடியும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் விவரத்தாளில், கோடி கோடி பிட்டுகளைப் படிக்கும்போது ஒரு பிட்டைப் படிக்க முடியாமல் போகலாம் என்று வரம்பு கொடுத்திருப்பார்கள், அதாவது 12.5 டிபி, ஏறத்தாழ நாம் படிக்கவேண்டிய அதே அளவு. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, சர்வர் டிஸ்க்குகளுக்கு இந்த வரம்பு பத்து மடங்கு உயர்வு என்பதும் உண்மை. இருந்தாலும், வயதான மூன்று டிஸ்க்குகளை ஒரே மூச்சில் ஓடவிடும் சங்கடமே வேண்டாம் என்று இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கும் முறையை எடுத்துக்கொண்டோம். கொள்ளளவு 8 டிபிதான், ஆனால் ஒரு டிஸ்க் போனால் அதன் ஜோடியை மட்டும் படித்தால் போதும். வாங்கும்போது தடங்களைத் தனித்தனியே எழுதும் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபார்க்கவும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் இப்படிப் புதுப்பித்து நிரப்பும் வேலையில் மிகவும் திணறும்.

எந்த ரெய்டும் பேக்கப் ஆகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லா டிஸ்க்கிலும் அழிந்துவிடும். எங்களுக்குச் சட்டப்படியும் பொறுப்பு உண்டு: 2022-இல் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்கவேண்டும், கணக்குகளை எட்டு ஆண்டுகள் காப்பாற்றவும் வேண்டும். ஆகவே நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியான நாஸ் ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்தோம். அதை வாங்கும்போது எவ்வளவு கொள்ளும் என்பதைவிட எவ்வளவு வேகமாகத் திரும்பக் கொடுக்கும் என்று கணக்கிட்டோம். ஒரு ஜிகாபிட் லைனில் நொடிக்கு 110 மெகாபைட் வந்தால் 4 டிபியை மீட்கப் பத்து மணி நேரம் ஆகும். அதனால் சர்வர்களுக்கும் நாஸுக்கும் இடையே 10 ஜிகாபிட் இணைப்புப் போட்டோம். கட்டடங்களுக்கு இடையே பைபர் ஏற்கெனவே இருந்ததால் செலவு பெரிதாகவில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைக் கோவைத் தொழிற்சாலைகளில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மின்வாரியத்தின் பராமரிப்பு நாட்களில் காலை முதல் மாலை வரை ஜெனரேட்டரில்தான் ஓடுகிறோம். ஜெனரேட்டரில் பெரிய மோட்டார்கள் எழும்பும்போது வோல்டேஜும் பிரீக்வென்சியும் ஆடும். லைன் இன்டராக்டிவ் வகை யூபிஎஸ் அந்த ஆட்டத்தைக் கண்டவுடன் பேட்டரிக்குத் தாவும், திரும்பும், மறுபடியும் தாவும். ஆன்லைன் வகை எப்போதுமே மின்சாரத்தை மாற்றி உருவாக்கித் தருவதால் சர்வருக்கு அந்த ஆட்டம் தெரிவதேயில்லை. சர்வரின் இரண்டு மின்வழங்கிகளையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகியிருக்கும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த யூபிஎஸ் நின்றால் இரட்டை மின்வழங்கிக்குக் கொடுத்த பணம் வீண். நாங்கள் இரண்டு யூபிஎஸ் வைத்து ஆளுக்கொன்றில் கொடுத்தோம். எர்த்தையும் புதிதாகப் போட்டோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை முதலில் சரிசெய்யச் சொல்லவேண்டும்.

சர்வர் அறை வார்ப்பட ஆலைக்குத் தள்ளி, நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. மணலும் இரும்புத்தூளும் கலந்த புழுதி மின்விசிறி வழியே உள்ளே போனால் எந்த வாரண்டியும் உதவாது. குளிரூட்டலுக்குச் சிக்கலான கணக்கு எதுவும் தேவைப்படவில்லை: எங்கள் எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒரு கிலோவாட் அளவுக்கு வெப்பம் தரும், ஒரு டன் ஏசி மூன்றரை கிலோவாட்டை வெளியேற்றும். முறைவைத்து ஓடும்படி இரண்டு ஏசி போட்டோம். இதில் விவரத்தாளில் தேடிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. மின்சாரம் போய்த் திரும்பும்போது ஏசி தானாகவே மீண்டும் ஓடவேண்டும். யூபிஎஸ் இருப்பதால் சர்வர் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஏசி மட்டும் நின்றுவிட்டால் திங்கட்கிழமை காலை வரை அறை வெந்துகொண்டிருக்கும். அறையின் வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டினால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படியும் வைத்திருக்கிறோம்.

ரேக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை போதும். சுவிட்சுகளுக்காகப் போட்ட 600 மில்லிமீட்டர் ஆழ ரேக்கில் ரேக் சர்வர்கள் உட்காராது. 1000 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். நாங்கள் டவர் வகையையே எடுத்து, ரேக்கில் படுக்கவைத்துப் பொருத்தும் ரெயில் சட்டங்களைச் சேர்த்து வாங்கினோம். பெரிய மின்விசிறிகள் என்பதால் சத்தம் குறைவு. பக்கத்து அறையில் கணக்குப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. சர்வரைத் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்பும் வசதியான ஐட்ராக், ஐலோ போன்றவற்றில், திரையையே வீட்டிலிருந்து பார்க்கும் அம்சத்துக்குத் தனி உரிமம் கேட்பார்கள். கொட்டேஷனில் அந்த உரிமம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகாமலிருக்க அந்தத் தொகை தாராளமாகத் தகும். அந்த வசதிக்கான நெட்வொர்க் போர்ட்டை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, விலான் எனப்படும் தனி உள்வலையில் வைக்கவேண்டும்; அதைக் கைப்பற்றியவன் சர்வரையே கைப்பற்றியவன்.

வாரண்டியை ஐந்து ஆண்டுகளாக வாங்கும்போதே நீட்டித்துக்கொண்டோம், ஏனெனில் பிறகு நீட்டிக்கும்போது கேட்கும் விலை வேறு. இரண்டாவது சர்வர் இருப்பதால் நான்கு மணி நேர ஒப்பந்தத்தைத் தவிர்த்து, அடுத்த வேலைநாள் ஒப்பந்தத்தோடு நின்றோம்; இரண்டாவது சர்வரின் விலையில் ஒரு பகுதி இதிலேயே ஈடானது. கணக்குப் பிரிவின் கணக்கு வேறு மாதிரி. நிறுவனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சர்வரின் பயன்பாட்டுக் காலம் ஆறு ஆண்டு. வாரண்டி முடிந்த பின் வரும் அந்த ஆறாம் ஆண்டில் இவற்றில் ஒன்றைச் சோதனைக்கும் இன்னொன்றைப் பேக்கப் சேமிப்புக்கும் இறக்கிவிடலாம் என்று ஒத்துக்கொண்டோம். மின்கட்டணமும் கணக்கில் ஏறவேண்டும்: சராசரி 300 வாட் இழுக்கும் கருவி ஆண்டுக்கு 2,628 யூனிட் குடிக்கும், யூனிட் 8 ரூபாய் என்றால் 21,000 ரூபாய், ஏசி தனி.

இதையெல்லாம் கிளவுடில் வைக்கக்கூடாதா என்ற கேள்வியும் வந்தது. மின்னஞ்சலை அப்படித்தான் வைத்திருக்கிறோம். பல நூறு மெகாபைட் வரைபடங்களை நாள் முழுக்கத் திறந்து மூடும் பிரிவுக்கும், இணைய லைன் அறுந்தாலும் உற்பத்திப் பதிவு நிற்கக்கூடாத பட்டறைக்கும் உள்ளூர் சர்வரே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

கொள்முதல் ஆணையில், தொகையில் ஒரு பகுதி ஏற்புச் சோதனை முடிந்த பிறகே தரப்படும் என்று எழுதியிருந்தோம். ஈஆர்பியை ஓடவிட்டு, விற்பனையாளரின் பொறியாளர் முன்னிலையில் ஒரு டிஸ்க்கை உருவினோம், ஒரு மின்வழங்கியின் கேபிளைப் பிடுங்கினோம், ஒரு யூபிஎஸ்ஸை அணைத்தோம், கடைசியாக ஒரு சர்வரின் மின்சாரத்தையே துண்டித்தோம். சற்று நேரத்தில் மற்ற சர்வரில் ஈஆர்பி எழுந்து, டெஸ்பாட்ச் பிரிவு சோதனைக்காக ஒரு டெலிவரி சலான் போட்டுக் காட்டியது. நாஸிலிருந்து டேட்டாபேஸை மீட்டுப் பார்ப்பதற்கு மட்டும் கூடுதலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. மீதித் தொகைக்கான காசோலையில் எம்.டி. அதற்கடுத்த வாரம் கையெழுத்திட்டார்.